மழையும் ஓடுபாதையும்

சப்பிரகமுவவின் இறப்பர்த் தோட்டங்களிலே தொழிலாளியின் கூலியை முதலாளி மட்டும் நிர்ணயிப்பதில்லை, மழையும் நிர்ணயிக்கின்றது. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு மூவாயிரத்தைந்நூறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழை பொழிகின்றது. தென்மேற்குப் பருவக் காற்று ஓய்ந்த சில வாரங்களுக்குள் அடுத்த பருவ மழை வந்துவிடுகின்றது. நனைந்த பட்டையிலே கத்தி வைத்தல் ஆகாது. வைத்தாலும் சிரட்டையில் வடியும் பாலை மழைநீர் அடித்துச் சென்றுவிடும். பால் வெட்டு இல்லாத நாளில் பேர் இல்லை. இருந்தாலும் அது அரைப் பேர். மழையின் பெயரால் இழந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால், கேகாலைத் தோட்டமொன்றிலே வாழும் குடும்பத்தின் வறுமைக் கணக்கில் ஒரு பெரும் பகுதி அங்கேயே கிடைக்கும்.

இந்த இறப்பர் எங்கே போகின்றது? பாடசாலையிலே ‘ஏற்றுமதி’ என்ற ஒரே சொல்லில் விடை கூறி முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கும் பயணங்களுள் ஒன்றை மட்டும் இக்கட்டுரை பின்தொடர்கின்றது. ஆகாய விமானங்களின் சக்கர உறைகளுக்கு இயற்கை இறப்பரே பெருமளவில் வேண்டப்படுகின்றது. செயற்கை இறப்பர் எத்துணை வளர்ந்தும், தரையில் மோதும் கணத்தில் எழும் வெப்பத்தையும் பாரத்தையும் தாங்குவதில் மரத்துப் பாலுக்கு ஈடு காணப்படவில்லை. மழையால் கூலி இழந்த தொழிலாளியின் கையிலிருந்து புறப்பட்ட அந்தப் பொருள், உலகின் ஏதோவொரு விமான நிலையத்தில் மீண்டும் மழையைச் சந்திக்கின்றது. அந்தச் சந்திப்பிலே மனிதர் மாண்டிருக்கின்றனர். அவர்கள் ஏன் மாண்டனர், பழி யார்மீது சுமத்தப்பட்டது, மெய்யான பொறுப்பு யாருடையது என்பனவற்றை ஆராய்வது வரலாற்று மாணவனுக்கு உரிய வேலையேயாகும்.

பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து கொணரப்பட்ட விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876ஆம் ஆண்டிலே கன்றுகளாக இலங்கையின் ஹெனரத்கொடையை வந்தடைந்தன. அதன்பின் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் குன்றுகள் இறப்பர்க் காடுகளாயின. அக்காடுகளில் பால் வெட்டத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்களின் கதையை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. ஒரு செய்தியை மட்டும் நினைவூட்டுவோம். 1952 டிசம்பரில் இலங்கை அரசாங்கம் சீனத்துடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்காவின் கோபத்தையும் பொருட்படுத்தாது செய்யப்பட்ட அவ்வொப்பந்தத்தை முற்போக்காளர் யாவரும் வரவேற்றனர், வரவேற்றது சரியே. ஆயின் நாட்டுக்கு அரிசி கொண்டுவந்த அந்த இறப்பரை வெட்டியவர்களுட் பலர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும், அதே 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்கில்லாதவராய் நின்றனர். பொருளுக்கு உலகெங்கும் வழி இருந்தது. அதை ஆக்கியவனுக்குத் தான் வாழ்ந்த மண்ணிலேயே இடம் இருக்கவில்லை.

இனி ஓடுபாதைக்கு வருவோம்.

ஈரமான தரையிலே வேகமாக உருளும் சக்கரம் தனக்கு முன்னுள்ள நீரைப் பக்கங்களுக்கு ஒதுக்கித் தள்ள வேண்டும். வேகம் ஓர் எல்லையைக் கடந்தால் நீர் விலகுவதற்கு நேரம் போதாது. அது சக்கரத்தின் அடியிற் புகுந்து ஆப்புப்போல் அதனை உயர்த்துகின்றது. அப்போது சக்கரம் தரையைத் தொடுவதில்லை, நீர்மேல் மிதக்கின்றது. தடையை எவ்வளவு அழுத்தினும் பயனில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் வால்டர் ஹோர்ன் என்பவரும் அவர்தம் தோழர்களும் 1960களின் தொடக்கத்தில் இதற்கு ஓர் எளிய கணக்கைக் கண்டனர். சக்கரத்தின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் மிதப்புத் தொடங்கும் வேகம் நொட் கணக்கில் கிடைக்கும். அழுத்தம் 200 இறாத்தலாயின் அவ்வேகம் ஏறத்தாழ 127 நொட். அதாவது மணிக்கு 235 கிலோமீட்டர். இன்றைய நடுத்தர விமானங்கள் தரையைத் தொடும் வேகமோ இதனினும் அதிகம். ஆகவே பாதையில் நீர் தேங்கி நின்றால், இறங்கும் ஒவ்வொரு விமானமும் ஆபத்தின் எல்லைக்குள்ளேயே இறங்குகின்றது.

இன்னொரு விந்தையும் உண்டு. சுழலாமல் இறுகிப்போன சக்கரம் ஈரத்தில் வழுக்கிச் செல்லும்போது அடியிலுள்ள நீர் கொதித்து ஆவியாகின்றது. அந்த வெப்பத்தில் இறப்பரின் மேற்பரப்பு பதமிழந்து பழைய பிசின் நிலைக்கே திரும்பிவிடுகின்றது. தொழிற்சாலையில் கந்தகமிட்டு இறுக்கிய பொருள், மரத்திலிருந்து வடிந்த நாளின் இயல்பை மீண்டும் அடைகின்றது! ஆயிரம் விமானங்கள் இறங்கிய பாதையிலோ சக்கரங்கள் தேய்த்துவிட்ட இறப்பர் கரும்படலமாகப் படிகின்றது. மழை பெய்ததும் அப்படலம் எண்ணெய்போல் வழுக்கும். அதைக் காலந்தோறும் சுரண்டிக் கழுவ வேண்டும்.

இவ்வாபத்துக்குப் பரிகாரமும் கண்டறியப்பட்டதே. பாதையின் குறுக்கே சிறு வரிப்பள்ளங்கள் வெட்டினால் நீர் அவற்றின் வழியே வடிந்துவிடும். 1950களின் நடுவில் பிரித்தானியர் இம்முறையைக் கையாண்டனர். 1967இல் வாஷிங்டன் விமான நிலையத்திலும் இது நடைமுறைக்கு வந்தது. பாதையின் முடிவில் நொறுங்கும் சிமெந்துக் கட்டிகளைப் பரப்பிவைத்தால், தப்பியோடும் விமானத்தின் சக்கரங்கள் அவற்றில் புதைந்து வேகம் அடங்கும். 1996இல் நியூயோர்க் நகரில் அமைக்கப்பட்ட அத்தகைய படுகை, 1999 முதல் விமானங்களை உயிர்ச்சேதமின்றி நிறுத்திக் காட்டியுள்ளது. ஆக, அறிவு இருந்தது; கருவியும் இருந்தது. அவை எங்கே, யாருக்காகப் பயன்படுத்தப்பட்டன என்பதே வினா.

பழி சுமத்தும் வரலாற்றுக்கு மூனிச் நகரம் ஒரு நல்ல பாடம். 1958 பெப்ரவரி 6ஆம் நாள், மான்செஸ்டர் யுனைட்டெட் உதைபந்தாட்டக் குழுவை ஏற்றிய பிரித்தானிய விமானம், உருகிய பனிச்சேறு படர்ந்த பாதையில் மூன்றாம் முறையாக மேலெழ முயன்றது. 117 நொட் வேகத்தை எட்டியது. பின் சேறு சக்கரங்களைப் பற்றி இழுக்க, 105 நொட்டுக்கு வீழ்ந்தது. எழவும் இயலாமல், நிற்கவும் இடமில்லாமல், வேலியை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டில் மோதியது. எட்டு ஆட்டக்காரர் உள்ளிட்ட 23 பேர் மாண்டனர். பாதையின் நிலைக்குப் பொறுப்பு விமான நிலையத்தாருடையது. இறக்கையில் பனி உறைந்திருந்தால் அதற்குப் பொறுப்பு விமானியுடையது. ஜெர்மன் விசாரணையாளர் இறக்கைப் பனியே காரணம் என்றனர். கப்டன் ஜேம்ஸ் தெயின் என்ற விமானி வேலையை இழந்தார். அவர் பத்தாண்டு காலம் போராடினார். சேறும் நீரும் சக்கரத்தை எவ்வாறு தடுக்கின்றன என்பதைச் சோதனைகள் மெய்ப்பித்தன. 1969இலே பிரித்தானிய விசாரணைக் குழு பழியை அவர்மீதிருந்து நீக்கியது. போன வேலை திரும்பவில்லை; 1975இல் அவர் காலமானார். அதிகாரம் தன் பங்கை மறைக்க வேண்டிய போதெல்லாம் கடைசியாகக் கருவியைத் தொட்ட கையைச் சுட்டிக் காட்டும். தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் விரல் போனால், ‘கவனக்குறைவு’ என்று எழுதப்படுவதை நாம் அறியோமா?

பிரேசில் நாட்டிற்கே மீண்டும் செல்வோம். இறப்பர் விதை புறப்பட்ட நாடு அன்றோ! சாவோ பாவுலோ நகரின் நடுவேயுள்ள கொங்கோன்யாஸ் நிலையத்தில் ஓடுபாதை குறுகியது; மழையில் வழுக்குவது. 2007 பெப்ரவரியில் ஒரு நீதிபதி சில வகை விமானங்கள் அங்கு இறங்கலாகாதெனத் தடை விதித்தார். பொருளாதார நட்டம் பெரிதாகும் என்ற வாதத்தின்மேல் அத்தடை மேல் நீதிமன்றத்தில் உடனே நீக்கப்பட்டது. பாதை புதுப்பிக்கப்பட்டது; ஆயின் வரிப்பள்ளம் வெட்டப்படுமுன்னரே திறந்துவிடப்பட்டது. ஜூலை 17ஆம் நாள் மழையில் இறங்கிய விமானமொன்று நிற்காமல் ஓடி, நெடுஞ்சாலையைத் தாண்டி ஒரு கட்டடத்தில் மோதிற்று. 199 உயிர்கள் போயின. அவ்விமானத்தின் விசை நெம்புகோல் ஒன்று தவறான நிலையில் இருந்தது மெய்யே. அதனால் எய்திய முடிவுக்கு ஈரப் பாதையை மட்டும் காரணம் கூறுதல் நேர்மையாகாது. ஆனால் மனிதன் தவறக்கூடும் என்பதற்காகத்தானே பாதுகாப்பு என்ற ஒன்றை ஏற்படுத்துகிறோம்? தவறுக்கு இடம்விடாத குறுகிய பாதையைத் திறந்துவைத்தவர் யார் என்ற கேள்வி அப்பொழுதும் நிற்கின்றது.

இப்போது நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தை நோக்குவோம். கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையம் 1988இலே திறக்கப்பட்டது. குன்றின் தலையைச் சமன்செய்து அமைத்த பாதை அது. இரு முனைகளிலும் பள்ளம். வளைகுடா நாடுகளில் உழைக்கும் மலபார் மக்களே அதன் பயணிகளுட் பெரும்பாலோர். 2010 மே 22ஆம் நாள், இதே போன்ற மேட்டுப் பாதையைக் கொண்ட மங்களூரில் ஒரு விமானம் பாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினராயிருந்த கப்டன் மோகன் ரங்கநாதன், 2011 ஜூனிலேயே எழுத்து மூலம் எச்சரித்தார்: மழையும் பின்காற்றும் உள்ள வேளையில் கரிப்பூரின் பத்தாம் இலக்கப் பாதையில் இறங்குவது பயணிகளின் உயிரோடு விளையாடுவதாகும் என்பது அவர் கருத்து. 2019 ஜூலையில் விமானப் போக்குவரத்து இயக்ககம் அங்கே பாதை வெடிப்பு, நீர்த் தேக்கம், மிகுதியான இறப்பர்ப் படிவு ஆகியவற்றைக் கண்டு விளக்கம் கேட்டது.

2020 ஆகஸ்ட் 7ஆம் நாள் மாலை. கொள்ளைநோய்க் காலத்தில் அயல்நாடுகளில் தவித்தவர்களை மீட்கும் திட்டத்தின் கீழ், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் 1344ஆம் இலக்க விமானம் துபாயிலிருந்து 190 பேருடன் வந்தது. அவர்களுள் வேலையிழந்து திரும்பியோர் பலர். கொட்டும் மழையில் முதல் முயற்சி கைவிடப்பட்டது. இரண்டாம் முறை, பின்காற்று வீசிய பத்தாம் இலக்கப் பாதையிலேயே விமானம் இறங்கியது. 8,858 அடி நீளப் பாதையில் 4,438 அடி கடந்த பின்னரே சக்கரம் தரையைத் தொட்டது. பாதி பாதை தலைக்கு மேலேயே கழிந்துவிட்டது. எஞ்சிய ஈரப் பாதியில் அது நிற்கவில்லை. முனையைத் தாண்டி, பாதை மட்டத்துக்கு ஏறத்தாழ 110 அடி கீழே வீழ்ந்து பிளந்தது. விமானிகள் இருவரும் பயணிகள் 19 பேரும் மாண்டனர். சுற்றுப்புறத்து ஏழை எளிய மக்கள், தொற்று அச்சத்தையும் மறந்து, மழையிலே ஓடிவந்து காயமுற்றோரைத் தங்கள் வாகனங்களில் ஏற்றிச் சென்றனர். மானிடத்தின் மீது நம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சி அது.

2021 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, விதிமுறையை மீறி இறங்க முற்பட்ட விமானியின் முடிவையே முதற் காரணமாகக் கூறிற்று. அதை மறுக்க நமக்கு ஆதாரமில்லை. ஆயின் அவ்வறிக்கையே மேலும் சில உண்மைகளைப் பதிவுசெய்கின்றது. கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் கருவி விமானியின் பக்கத்தில் சரிவர வேலை செய்யவில்லை. புறப்படவிருந்த வேறொரு விமானத்தின் பொருட்டுப் பாதை அவசரமாக மாற்றப்பட்டது. துணை விமானி, மீண்டும் மேலெழ வேண்டுமெனச் சொன்னார்; தலைமை விமானி செவிசாய்க்கவில்லை; துணை விமானியோ பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றினும் குறிப்பிடத்தக்கது, கோழிக்கோட்டுத் தளத்தில் நிறுவனம் 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு கப்டனையே நியமித்திருந்தது என்பது. மறுநாட் காலைப் பயணத்துக்கும் அவரே போக வேண்டியவர். வேறு நிலையத்தில் இறங்கினால் அந்தப் பயணம் கெடும். இறங்கியே ஆகவேண்டுமென்ற உந்துதலுக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

வாசகர் இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். ஆளைக் குறைத்து வேலையைக் கூட்டுவது, மேலிருப்பவரிடம் கீழிருப்பவர் வாய்திறக்கத் தயங்குவது, பழுதான கருவியோடு வேலையை ஓட்டுவது—இவை விமானத்துறைக்கு மட்டும் உரிய நோய்களா? தோட்டத்துப் பிரட்டுக் களத்தை அறிந்தவர் எவரும் இவற்றை அடையாளம் காண்பர். முகிலுக்கு மேலே பறக்கும் இயந்திரத்தினுள்ளும் கங்காணி முறை புகுந்துகொள்ள முடியும்.

அந்த ஆகஸ்ட் மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. கரிப்பூர் விபத்துக்கு முந்திய இரவு, 6ஆம் நாள், அதே கேரளத்தின் மூணாறு மலையிலுள்ள பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களின்மேல் வீழ்ந்தது. மாண்டவர் 70 பேர். தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரின் வழித்தோன்றல்கள். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்திருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டுவதற்கே பொழுது விடிய வேண்டியிருந்தது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஒரே மாநிலத்தில், ஒரே பருவ மழையில், இரு பேரிழப்புக்கள். விமான விபத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு மாநில அரசு பத்து இலட்சம் ரூபா அறிவித்தது. பெட்டிமுடியில் மாண்டவர் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம். ‘ஏன் இந்த வேற்றுமை?’ என்று அப்போதே குரல் எழுந்தது. விமானத்தில் மாண்டவர்களும் உழைப்பாளரே; அவர்களுக்குக் கிடைத்தது மிகை என்று நாம் கூறவில்லை. மண்ணில் புதைந்தவனின் உயிருக்குப் பாதி விலை என்று எந்தத் தராசு கூறிற்று என்பதே நம் வினா.

வேற்றுமை பணத்தோடு நிற்கவில்லை. விமானம் வீழ்ந்தால், 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையும் 1951இல் அதனோடு இணைக்கப்பட்ட விசாரணை விதிகளும் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன. விசாரணை நடந்தே தீர வேண்டும். அதன் நோக்கம் பழி கூறுவதன்று, மறுபடி நிகழாமல் தடுப்பது. முடிவு உலகறிய வெளியிடப்பட வேண்டும். விமானியின் தவறோடு நிறுவனத்தின் ஆட்குறைப்பையும் நாம் இன்று அறிவது அவ்விதியினாலேயே. லயன் அறைகள் புதைந்தால் இத்தகைய விதி ஏது?

நமது மாகாணத்தையே பார்ப்போம். 2003 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் இரத்தினபுரி மாவட்டம் சின்னாபின்னமாயிற்று. 2016 மே 17ஆம் நாள், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அதே நாள் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயன் வரிசை மண்ணுள் மூழ்கியது. மாகாண எல்லைக்கு அப்பால், கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் நேர்ந்த அழிவுக்கு முன், 2005இலும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானதென எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் போவதற்கு வேறிடம் கொடுக்கப்படவில்லை. கரிப்பூருக்கு 2011இல் ஓர் எச்சரிக்கை. மீரியபெத்தைக்கும் 2011இல் ஓர் எச்சரிக்கை. இரண்டும் காகிதமாகவே கிடந்தன. ஆனால் கரிப்பூரில் எச்சரிக்கை எங்கே தடைப்பட்டது என்பதைத் தேட ஒரு விசாரணை அறிக்கை உண்டு. மலைத்தோட்டத்தில் ஒவ்வொரு சரிவுக்கும் பின்னர் கிடைப்பவை உலருணவும் அனுதாபமும் தற்காலிகக் கூடாரமுமே.

இன்று சப்பிரகமுவத் தோட்டங்களின் பிள்ளைகளும் விமானம் ஏறுகின்றனர். பால் வெட்டிப் பிழைக்க முடியாத பெண்கள் கட்டுநாயக்கா வழியாக வளைகுடா நாடுகளின் வீடுகளுக்கு வேலை தேடிப் போகின்றனர். தாயார் வெட்டிய இறப்பர் மீது மகள் பறந்து செல்கிறாள். அவள் ஏறிய விமானம் ஈரப் பாதையில் நின்றாக வேண்டும். அவள் விட்டுச் சென்ற குழந்தைகள் உறங்கும் லயனும் மழையில் நின்றாக வேண்டும். இவ்விரண்டையும் நிறுத்திவைக்கும் அறிவு மனித குலத்திடம் உண்டு. பாதைக்கு வரிப்பள்ளம் வெட்டத் தெரிந்த பொறியியல், மலைச்சரிவுக்கு வடிகால் வெட்டவும் அறியும். ஆபத்தான சரிவுகளை வரைபடத்திற் குறிக்கத் தெரிந்த தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நாட்டில் இருக்கின்றது.

எனவே நமது கோரிக்கை எளிமையானது. வானில் நேரும் சாவுக்கு உள்ள விசாரணை உரிமை மண்ணில் நேரும் சாவுக்கும் வேண்டும். தோட்டமொன்றில் மண் சரிந்து மனிதர் மாண்டால், தோட்ட நிருவாகத்தையும் அரசாங்கத்தையும் சாராத ஒரு குழு ஆராய வேண்டும். எச்சரிக்கை எந்த மேசையில் நின்றது, மாற்று நிலம் ஏன் வழங்கப்படவில்லை, வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்பவை பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். அவ்வறிக்கை சிங்களத்திலும் தமிழிலும் அச்சாகித் தோட்டத்துப் பாடசாலைவரை வர வேண்டும். பரிந்துரைகள் நிறைவேறியதா என்று ஆண்டுதோறும் கேட்கும் உரிமை தொழிற்சங்கங்களுக்கு வேண்டும். ஏனெனில் அறிக்கை மட்டும் உயிர் காக்காது என்பதைக் கரிப்பூரே காட்டிவிட்டது.

ஆசிரியத் தோழர்கள் இதற்கு இன்றே ஒரு தொடக்கம் செய்யலாம். தத்தம் தோட்டத்தில் எந்த ஆண்டு, எந்தச் சரிவில், எத்தனை பேர் மாண்டனர், முன்னதாக யார் எச்சரித்தார் என்பதை மூத்தோரிடம் கேட்டு மாணவரைக் கொண்டு எழுதிவைக்கலாம். அடுத்த பருவ மழை வருமுன் அந்த ஏடு ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்குமாயின், பதில் சொல்ல வேண்டியவர்கள் ‘இயற்கையின் சீற்றம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இனியும் ஒளிந்துகொள்வது எளிதாயிராது.